சரணம் வராத வீடு

எங்கள் வீட்டில் பாட்டுகளுக்குச் சரணம் கிடையாது. இது என் மனைவியின் புகார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பல்லவி வரைதான் கேட்டிருக்கிறாளாம். டி.எம்.எஸ். மூச்சை இழுத்துச் சரணத்துக்குள் நுழையப் போகும்போதெல்லாம் யாரோ ஊசியைத் தூக்கிவிடுகிறார்களாம். வீட்டில் ரெகார்ட் பிளேயர் பக்கம் போகிற ஆள் நான் ஒருவன்தான் என்பதால் அந்த யாரோ யார் என்பதில் பெரிய மர்மம் இல்லை.

வால்வு ஆம்ப்ளிஃபயரை வீட்டிலேயே செய்கிறவன் பாட்டுக் கேட்பதில்லை. முதல் பத்து விநாடியில் அவனுக்கு வேண்டியது கிடைத்துவிடும். பேஸ் கிட்டார் அடிவரை இறங்குகிறதா, பாங்கோவில் தோல் தெரிகிறதா, புல்லாங்குழல்காரர் ஊதுவதற்கு முன் இழுக்கும் மூச்சு விழுகிறதா? விழுந்தால், இன்னும் கொஞ்சம் விழவைக்கலாமே என்று ஆம்பை அணைத்துக் கவிழ்த்துப் போட்டு ஒரு ரெசிஸ்டரை மாற்றுவான். விழாவிட்டாலும் அதையேதான் செய்வான். அவன் உண்மையிலேயே உயிரைக் கொடுத்துக் கேட்பது பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருக்கிற ஒன்றுமில்லாத இடத்தை. அங்கே ஏதாவது 'உம்ம்' என்கிறதா என்று ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருப்பான். அந்த நேரம் பார்த்து வீட்டுக்கு வருகிறவர்கள், ஏதோ கெட்ட செய்தி போலிருக்கிறது என்று செருப்பைக் கழற்றாமல் தயங்குவார்கள்.

இதைக் கோலாலம்பூரில் செய்வதில் ஒரு தனி விசேஷம் உண்டு. வால்வு சூட்டில் ஓடுகிற சாமான். என் சின்ன ஆம்பில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு ஈஎல் 84. சுவரிலிருந்து அறுபது வாட் போல இழுத்துக்கொண்டு ஆளுக்கு ஐந்து வாட் ஸ்பீக்கருக்குத் தருகின்றன. மிச்ச ஐம்பதும் சூடாகக் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். 'கிளாஸ் ஏ' வகை என்பதால் பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதே தீனி. லண்டனில் இருப்பவன் ஜனவரி ராத்திரியில் இதன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வான். நமக்கு ஜனவரியும் வெயில்தான். ஆகவே ஏர்கோன் போட வேண்டும். ஒரு ஹார்ஸ் பவர் ஏர்கோன் எண்ணூறு வாட் சாப்பிடும். பத்து வாட் பாட்டுக்கு அறுபது வாட் ஆம்ப், அறுபது வாட் ஆம்புக்கு எண்ணூறு வாட் ஏர்கோன். ஏர்கோன் இரைச்சலில் பாட்டு அமுங்கிப்போவதால் வால்யூமைக் கூட்ட வேண்டும். கூட்டினால் ஐந்து வாட் திணறும். மாதக் கடைசியில் மின்கட்டண பில் வரும்போது இதே கணக்கை மனைவி வேறு விதமாகப் போடுவாள்.

இந்தப் பைத்தியத்துக்கு நியாயமாகப் பார்த்தால் என் தாய்மாமன்தான் காரணம். அவர் அதை ஒத்துக்கொள்வதில்லை.

மாமாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். பகலில் ரயில்வே, பொழுது சாய்ந்தால் ரேடியோ ரிப்பேர். இன்று கே.எல். சென்ட்ரல் நிற்கிற இடம் முழுக்க அப்போது ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் யார்டு. 2001-இல் சென்ட்ரல் திறந்த பிறகு அங்கே போகும்போதெல்லாம் எஸ்கலேட்டரைக் காட்டி, "இங்கதான் இஞ்சின் திரும்பும்" என்பார். எஸ்கலேட்டரில் நிற்கும் சனம் தங்களைத்தான் சொல்கிறாரோ என்று திரும்பிப் பார்க்கும்.

சின்ன வயதில் நான் பார்த்த மாமா, முன்வாசல் பெஞ்சில் கைலியோடு உட்கார்ந்து, வயிற்றைத் திறந்துபோட்ட ஒரு பிலிப்ஸ் அல்லது கிரண்டிக் ரேடியோவுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவர். வலது கையில் மீட்டர் முள். இடது கை முதுகுக்குப் பின்னால் மடங்கியிருக்கும். ஏதோ பெரிய மனித தோரணை என்று ரொம்ப நாள் நினைத்தேன். விஷயம் வேறு. வால்வு ரேடியோவுக்குள் இருநூறு, முந்நூறு வோல்ட் நடமாடிக்கொண்டிருக்கும். இரண்டு கையையும் உள்ளே விட்டால் ஒரு கையில் ஏறுகிற கரண்ட் நெஞ்சு வழியாகத்தான் மறு கைக்குப் போகும். அதனால் ஒரு கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொள் என்பது வெள்ளைக்காரன் காலத்துப் பால பாடம். கைலிக்குப் பை கிடையாது. ஆகவே முதுகு.

இன்னொரு பால பாடம், பிளக்கைப் பிடுங்கிவிட்டோம் என்று நம்பாதே என்பது. பவர் சப்ளையில் இருக்கிற பெரிய கெப்பாசிட்டர், பிளக் போன பிறகும் நானூறு வோல்ட்டை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சிலர் ஸ்குரூ டிரைவரால் இரண்டு முனையையும் சேர்த்துத் தட்டுவார்கள். 'டப்' என்று ஒரு பொறி, ஸ்குரூ டிரைவர் நுனியில் ஒரு சொட்டை. மாமா அதை அநாகரிகம் என்பார். ஒரு ரெசிஸ்டரைக் குறுக்கே வைத்து, மீட்டர் முள் சாவகாசமாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே ஒரு பீடி பிடித்து முடிப்பார். அதற்குப் பிறகுதான் தொடுவார்.

இவ்வளவு பக்குவமான மனிதர், நான் வால்வு ஆம்ப் செய்யப் போகிறேன் என்று சொன்னபோது முகத்தைச் சுளித்தார்.

"மருமவனே, டிரான்சிஸ்டர் வந்தப்ப நான் ஸ்காட் ரோடு கந்தசாமி கோயில்ல தேங்கா ஒடைச்சேன். போன சனியனை நீ எதுக்குத் திரும்பக் கூட்டியாற?"

அவர் பக்கத்து நியாயம் இது: நாடகம் கேட்கிற நேரம் பார்த்துத்தான் வால்வு போகும். ராத்திரி கதவைத் தட்டி, குழந்தையைத் தூக்கி வருவதுபோல் ரேடியோவைத் துண்டில் சுற்றிக்கொண்டு வருவார்கள். திறந்தால், கதகதப்பாக இருக்கிறதென்று கரப்பான் குடும்பம் குட்டியும் குளுவானுமாய்க் குடியிருக்கும். செலீனியம் ரெக்டிஃபயர் புகைந்தால் வருகிற நாற்றத்தில் மூன்று வீட்டுக்குச் சோறு இறங்காது. டிரான்சிஸ்டர் இத்தனையையும் ஒரே வீச்சில் ஒழித்தது. சூடில்லை, ஷாக்கில்லை, நாலு பேட்டரியில் தோட்டத்து லயம் வரைக்கும் பாட்டு போனது. அதை விட்டுவிட்டு, படித்த பையன் ஒருவன் காசு கொடுத்துக் கரப்பானை அழைத்து வருவதை அவரால் தாங்க முடியவில்லை.

வால்வு அப்படி என்னதான் செய்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் கல்யாண மண்டபத்தைக் காட்டுவேன். கண்ணாடிக் குமிழுக்குள் காற்றை எடுத்துவிட்டு, நடுவில் கேத்தோடைச் சூடாக்கினால் அதிலிருந்து எலெக்ட்ரான்கள் எழுந்து நிற்கும்: முகூர்த்தம் முடிந்து பசியோடு நிற்கிற கூட்டம். எதிரே பிளேட்டில் 250 வோல்ட் பாசிட்டிவ்: பந்தி. கூட்டம் பாயும். ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் 1904-இல் செய்தது இவ்வளவுதான், கூட்டம் ஒரு பக்கமாக மட்டுமே போகும் வாசல். 1906-இல் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் அந்த வாசலில் கம்பியால் ஆன ஒரு கிரிட்டை நிறுத்தினார். அதுதான் பெண் வீட்டுச் சித்தப்பா. அவர் யாரையும் தள்ளுவதில்லை, பிடிப்பதில்லை. புருவத்தை லேசாகத் தூக்கினால் கூட்டம் நிற்கும், இறக்கினால் பாயும். சின்னப் புருவ அசைவு, பெரிய கூட்ட அசைவு. ரெகார்ட் ஊசி தருகிற துளியூண்டு கரண்ட் சித்தப்பாவின் புருவத்தை ஆட்டினால் பந்தி முழுக்க அதே தாளத்தில் ஆடும். ஆம்ப்ளிஃபயர் என்பது இதுதான். மிச்சமெல்லாம் சமையல்காரரும் வாடகைப் பாத்திரமும்.

வால்வில் பாட்டு 'வார்மாக' இருக்கும் என்பது எங்கள் கூட்டத்தின் மந்திரம். அதைச் சொல்லும்போது நெஞ்சில் கை வைத்துக்கொள்வது வழக்கம். மாமா கேட்டார், அப்படி என்றால் என்ன? நான் நேர்மையாகச் சொன்னேன். பாட்டில் இல்லாத ஒன்றை வால்வு சேர்க்கிறது. உள்ளே போகிற ஒவ்வொரு சுரத்தோடும் அதன் மேல் ஸ்தாயிச் சுரத்தைக் கொஞ்சம் கலந்து வெளியே விடுகிறது. இரண்டாம் ஹார்மோனிக் என்று பெயர். மேல் ஸ்தாயி என்பதால் காதுக்கு உறுத்தாது, குரலுக்குச் சதை வைத்ததுபோல் இருக்கும். டிரான்சிஸ்டர் ஆம்பில் இது கிட்டத்தட்ட இல்லை. என் ஆம்பில் சத்தமாக வைத்தால் நூற்றுக்கு ஐந்துக்கு மேலேயே போகும்.

"அதாவது தப்பா பாடுது."

"அழகா தப்பா பாடுது மாமா."

"அந்தத் தப்பைத் திருத்தத்தான்டா எங்களுக்குச் சம்பளம் குடுத்தான்!"

இதில் அவரை மடக்க முடியாது. சரித்திரமும் அவர் பக்கம்தான். வீட்டில் ஆம்ப் செய்கிறவர்களின் வேதம் என்று ஒன்று உண்டென்றால் அது 1947 ஏப்ரல், மே மாதங்களில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் டி.டி.என். வில்லியம்சன் எழுதியதுதான். கேடி 66 வால்வுகளை வைத்து 15 வாட். டிஸ்டார்ஷன் நூற்றில் ஒன்றில் பத்தில் ஒரு பங்கு. உலகம் முழுக்க ஆள்கள் அதைப் பார்த்துச் சமையலறையில் உட்கார்ந்து செய்தார்கள். ஆக வால்வு ராஜாவாக இருந்த காலத்தில் அத்தனை பேரும் ராவும் பகலுமாக அந்த 'வார்ம்' சமாசாரத்தை ஒழிக்கத்தான் பாடுபட்டிருக்கிறார்கள். ஒழித்தும் விட்டார்கள். நாங்கள் தேடிப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறோம். நான் இதற்கு வெட்கப்படுவதாக இல்லை. வெந்த இட்லியை விட முறுகிய தோசைதான் எனக்குப் பிடிக்கும். அதற்காக யாரும் என்னைக் கோர்ட்டுக்கு இழுக்கவில்லை.

சாமான் வாங்க ஜாலான் பாசார் போக வேண்டும். புடுவில் இருக்கிறது. எலெக்ட்ரானிக்ஸ் ஆசை பிடித்த எவனும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தத் தெருவைத் தப்பிவிட முடியாது. கடை முழுக்க நெற்றிப்பொட்டு அளவுப் பொருள்கள் ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன இழுப்பறைகளில். இப்போது முன்பக்கத்தை சிசிடிவி கேமராவும் ஆட்டோகேட் மோட்டாரும் எல்இடி விளக்குச் சரமும் பிடித்துக்கொண்டன. ஒன்பது கால் வால்வுக்கு சாக்கெட் கேட்டால் கல்லாவில் நிற்கிற பையன் உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் கூப்பிடுவான். பின்னாலிருந்து தவுக்கே வருவார். அவருக்கு மாமா வயது இருக்கும். மாதிரிக்கு நான் கொண்டுபோன பழைய சாக்கெட்டைக் கையில் வாங்கி உருட்டிப் பார்ப்பார். முகத்தில் ஒரு பழைய காலம் வந்து போகும். பிறகு அந்த வாக்கியத்தைச் சொல்வார்.

"அடடா பாஸ், போன வருஷம்தான் எல்லாத்தையும் தூக்கிப் போட்டேன்."

இந்த வாக்கியத்தை நான் புடுவில் கேட்டிருக்கிறேன், செந்தூலில் கேட்டிருக்கிறேன், கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானா பக்கம் ஒரு பழைய ரேடியோ கடையின் படிக்கட்டில் கேட்டிருக்கிறேன். பெட்டி பெட்டியாக முல்லார்ட் வைத்திருந்தவர், சாக்கு நிறைய டெலிஃபங்கன் வைத்திருந்தவர், எல்லாரும் போன வருஷம்தான் தூக்கிப் போட்டிருப்பார்கள். அதற்கு முந்தின வருஷம் போய்க் கேட்டிருந்தாலும் போன வருஷம்தான். கிள்ளான் பள்ளத்தாக்கில் நான் எட்டிப் பிடிக்க முடியாமல் ஒரு வருஷம் முன்னாலேயே ஒரு குப்பை லோரி போய்க்கொண்டிருக்கிறது. அதில் இருக்கிற வால்வுகளின் இன்றைய விலைக்கு ஒரு தாமானில் மாடி வீடு வாங்கலாம்.

பழையது கிடைக்காவிட்டால் புதிது. வால்வு இன்னும் செய்கிறார்கள்: ரஷ்யாவில் சராத்தோவில், ஸ்லோவாக்கியாவில் ஜேஜே, அப்புறம் சீனா. நம்ம பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸும் ஒரு காலத்தில் செய்தது. பெட்டியில் 'பெல்' என்று எழுதிய ஈசிசி 83 ஒன்று அம்கோர்ப் மால் வார இறுதிச் சந்தையில் பழைய ரெகார்டுகளுக்கு நடுவில் கிடந்தது. விற்றவருக்கு அது என்னவென்று தெரியாது. ஆனால் நான் அதைப் பார்த்த பார்வையை அவர் பார்த்துவிட்டார். விலை அந்த இடத்திலேயே பிறந்தது.

டிரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் கிள்ளான்தான். அது வால்வு ஆம்பின் உயிர்நிலை. ஈஎல் 84 பேசுவது 5,000 ஓம் பாஷை. ஸ்பீக்கருக்குப் புரிவது 8 ஓம். நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் சமாதானம் செய்கிற அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் இந்தப் பக்கம் 25 சுற்று என்றால் அந்தப் பக்கம் ஒரு சுற்று. மோட்டார் காயில் கட்டும் பட்டறை ஒன்றைப் பிடித்தேன். எண்ணெயும் வார்னிஷும் மணக்கிற இடம். ஓனர் அண்ணன் பம்ப் மோட்டார், கிரஷர் மோட்டார் என்று பெரிய பெரிய உருப்படிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். என் தாளை வாங்கிப் பார்த்தார்.

"எத்தனை ஹார்ஸ் பவர் தம்பி?"

"அஞ்சு வாட்டுண்ணே."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு ஹார்ஸ் பவர் என்பது 746 வாட். ஐந்து வாட் என்றால் குதிரையில் நூற்றைம்பதில் ஒரு பங்கு. வாலில் கொஞ்சம் முடி.

"அஞ்சு வாட்டுக்கு இம்மாம் பெரிய இரும்பா? யாரு தம்பி உங்களுக்குச் சொன்னது?"

ஒற்றை வால்வு என்பதால் டி.சி. கரண்ட் ஓயாமல் ஓடும், சின்ன இரும்பு என்றால் காந்தம் நிறைந்து பேஸ் செத்துவிடும், தகடுகளுக்கு நடுவில் மயிரிழை இடைவெளிகூட விட வேண்டும் என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கை தேர்ந்தவர் என்பதால் விஷயம் உடனே பிடிபட்டது. பிரைமரியையும் செகண்டரியையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கடுக்காய்ப் பிரித்துச் சுற்ற வேண்டும் என்பதை நான் சொல்லி முடிப்பதற்குள், "அப்ப மேல் சுரம் நல்லா வரும், இல்ல?" என்றார். கோயில் திருவிழாக்களுக்கு மைக் செட் போட்டவராம். இடைவெளிக்குக் கடுதாசி வேண்டும். மேசை இழுப்பறையைத் திறந்தார். மேலாக ஒரு கல்யாணப் பத்திரிகை. உள்தாளை விரலால் தடவிப் பார்த்து, "இது சரியா இருக்கும்" என்று கத்தரித்தார். கல்யாணம் முடிந்துவிட்டதா என்று கேட்டேன். "பிள்ளையே பள்ளிக்கூடம் போவுது" என்றார். ஆக என் இடது ஸ்பீக்கரின் பாட்டெல்லாம் முகூர்த்த நேரத்தின் வழியாக வருகிறது. வலது பக்கம் 'தங்கள் நல்வரவை நாடும்' ஆள்கள்.

இரண்டு டிரான்ஸ்ஃபார்மரையும் பிளாஸ்டிக் பைகளில் போட்டுக்கொண்டு கிள்ளானில் கொமுட்டர் ஏறினேன். ஷா ஆலம் வருவதற்குள் பையின் காது விரலை அறுத்துவிட்டது. எதிர் ஸீட்டில் இருந்த அம்மா ரொம்ப நேரம் பையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கிரைண்டர் மோட்டாரா தம்பி? எங்க கட்டினீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிப் பட்டறையின் அடையாளம் சொன்னேன். அண்ணனுக்கு ஒரு கிராக்கி சேர்ந்திருக்கும்.

எல்லாம் பூட்டி, ஈயம் வைத்து, சுவிட்சைப் போட்டால் முதலில் வருவது பாட்டு இல்லை. 'ஹம்'. வால்வுக்காரர்களின் ஜென்ம சத்ரு. இதற்கு ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். ஹீட்டர் ஒயரை முறுக்கு என்பான் ஒருவன். எர்த்தையெல்லாம் ஒரே புள்ளியில் சேர் என்பான் இன்னொருவன். பவர் டிரான்ஸ்ஃபார்மரை அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குக் குறுக்கே திருப்பி வை என்பான் மூன்றாமவன். அதற்கு சேசிஸில் புதிதாக ஓட்டை போட வேண்டும், அதற்கு கொண்டோ மேனேஜ்மெண்ட் அனுமதித்த நேரத்தில்தான் டிரில் ஓட்டலாம். மூன்று பேர் சொன்னதும் சரிதான். ஒவ்வொன்றும் கொஞ்சம் குறைக்கும். முழுசாகப் போகாது.

என் அண்ணன் மகள் பாட்டுக் கற்கிறாள். ஒரு நாள் நான் ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டிருந்தபோது அவள் கூடத்தில் உட்கார்ந்து சுருதிப் பெட்டி இல்லாமலே சரளி வரிசை பாட ஆரம்பித்துவிட்டாள். "சித்தப்பா, உங்க மெஷின் அஞ்சு கட்டைக்குக் கொஞ்சம் மேல நிக்குது" என்றாள். கணக்குப் போட்டேன். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ரெக்டிஃபயர் தாண்டினால் 100, அதன் மேல் ஸ்தாயி 200. ஐந்து கட்டைப் பெண் குரலின் சட்ஜம் 196. பிள்ளையின் காது தப்பவில்லை. பல வாரமாகப் போராடி நான் ஒழிக்கப் பார்த்தது, காப்பார் மின்நிலையத்திலிருந்து அரசாங்கம் இலவசமாகத் தருகிற தம்பூரா. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். அங்கே இதே ஹம் ஏழு கட்டையை நெருங்கும், பாட முடியாது. இப்போது அவள் வரும்போது மட்டும் ஹீட்டர் ஒயரைக் கொஞ்சம் நெகிழ்த்தி வைக்கச் சொல்கிறாள்.

மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பின்னேரம் நாலு மணிக்கு வானம் கறுத்தால் கிள்ளான் பள்ளத்தாக்கில் அத்தனை வீட்டிலும் ஒரே காரியம்தான்: டிவி பிளக்கைப் பிடுங்குவது. உலகத்திலேயே இடி மின்னலுக்குப் பேர்போன ஊர்களில் இது ஒன்று. தூரத்தில் ஒரு இடி இடித்தாலும் ஈஎல்சிபி 'டக்' என்று விழும். அம்மா முதலில் பிடுங்குவது ஆம்பின் பிளக்கை. ஃபிரிட்ஜ் அதற்குப் பிறகுதான்.

அம்மாவுக்கும் ஆம்புக்கும் இன்னொரு விவகாரம். சூடான இடம் பல்லிக்குப் பிடிக்கும். கெப்பாசிட்டருக்குக் கீழே குடியேறிய ஒரு பல்லி ஒரு ராத்திரி முந்நூறு வோல்ட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவில் பாலம் போட்டுவிட்டது. ஃபியூஸ் போச்சு, பல்லியும் போச்சு. அம்மா பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டார். தலையில் விழுந்தால், தோளில் விழுந்தால், வலது கையில் விழுந்தால் என்று பலன் வரிசையாக இருக்கிறது. பவர் சப்ளையில் விழுந்தால் என்ன என்று எந்தச் சோதிடரும் எழுதி வைக்கவில்லை. கடைசியில் அம்மாவே ஒரு பலன் சொன்னார்: "பண விரயம்." இன்று வரை பொய்க்கவில்லை.

எங்கள் கூட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு நண்பர் வீட்டில் கூடும். சீன அங்கிள் ஒருவர் தெரேசா தெங் ரெகார்டோடு வருவார். மலாய் இஞ்சினியர் பி. ரம்லியோடு வருவார். நான் 1964-இல் விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையமைத்த 'புதிய பறவை'யோடு போவேன். அத்தனை வாத்தியத்தை ஒரே நேரத்தில் என் ஐந்து வாட் சுமக்கிறதா என்று பார்க்க. மூன்று இனத்துக்கும் மூன்று மொழி, ஆனால் பத்தாவது விநாடியில் ஊசியைத் தூக்குவதில் ஒற்றுமை. நாடாளுமன்றத்தில்கூட இந்த அளவு பார்த்ததில்லை. இவர்களில் கேபிள்காரர் ஒருவர் உண்டு. ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுத்து ஒரு பவர் கேபிள் வாங்கியிருக்கிறார். சுவரில் செருகினால் பி. ரம்லியின் உதடு தெரிகிறதாம். காப்பாரிலிருந்து அத்தனை கிலோமீட்டர் அலுமினியக் கம்பியில், காக்காய் உட்கார்ந்து எழுந்து வந்த கரண்ட், கடைசி ஒன்றரை மீட்டரில் எப்படித் திருந்துகிறது என்று நான் கேட்டதில்லை. ரொட்டி சானாய் அவர் செலவு.

போன மாதம் மாமாவையே வீட்டுக்கு அழைத்து வந்தேன். நாற்காலியில் உட்காரவைத்து, ஏர்கோனை அணைத்து, சுவிட்சைப் போட்டேன். வால்வுக்கு அரை நிமிஷம் வேண்டும். இரண்டு குமிழிலும் செம்மை ஏறுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கேட்காமலே எழுந்துபோய், சட்டைப் பையிலிருந்த பென்சிலை எடுத்து ஒவ்வொரு வால்வையும் லேசாகத் தட்டினார். இடது கை தானாக முதுகுக்குப் போனது. ஸ்பீக்கரில் 'டிங்' என்றது.

"இது தள்ளாடுது. ஆறு மாசம் வரும்" என்றார்.

பாட்டு வைத்தேன். பல்லவி முடிந்தது. வழக்கமான இடத்தில் என் கை ஊசியை நோக்கிப் போனதாம், மனைவி சொல்கிறாள். மாமா அதட்டிய அதட்டலில் கை நின்றுவிட்டது. சரணம் வந்தது. இரண்டாவது சரணமும் வந்தது. அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. அடுப்படியிலிருந்து மனைவி கரண்டியோடு வந்து நின்று கேட்டாள்.

முடிந்ததும் மாமா, "நல்லாத்தான் இருக்கு. டி.எம்.எஸ். நல்லா பாடியிருக்காரு" என்றார். ஆம்பைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் பையிலிருந்து உள்ளங்கை அளவுக்கு ஒரு புளுடூத் ஸ்பீக்கரை எடுத்தார். பேரன் பாசார் மாலாமில் வாங்கிக் கொடுத்ததாம். முப்பத்தைந்து வெள்ளி. காலையில் பசியாறும்போது இதில்தான் மின்னல் எஃப்.எம். கேட்பாராம்.

"தொட்டுப் பாரு, சூடே இல்ல. இதையும் அதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, உன் பொண்டாட்டி கண்ணைக் கட்டிட்டு எது எதுன்னு கேப்போமா?"

மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அன்றைக்கு அவசரமாக ஒரு வேலை வந்துவிட்டது. இந்த வாரம் மழை, பிளக்கே போட முடியாது. அடுத்த வாரம் அந்தத் தள்ளாடுகிற வால்வை மாற்ற வேண்டும், அதை மாற்றாமல் போட்டி வைப்பது நியாயம் இல்லை. அதற்கடுத்து தீபாவளிப் பலகார வேலை. அதற்குள் 300பி வந்துவிடும். 1938-இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கொண்டுவந்த வால்வு, எட்டு வாட். அதற்குப் புது டிரான்ஸ்ஃபார்மர் கட்ட வேண்டும். கிள்ளான் அண்ணனைக் கூப்பிட்டேன். இரும்பு இருக்கிறதாம். ஏதாவது கல்யாணப் பத்திரிகை கிடந்தால் எடுத்து வரச் சொன்னார். இந்த முறை கொஞ்சம் தடிமனாக.